மேனிஃபெஸ்ட்ல இருக்கு, கரையில இல்லை

ஆணி ரொம்ப அதிகம் மக்களே, அதான் மூணு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. சரி, அந்த ஆணியைப் பத்தியே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். பொட்டி தட்டாதவங்க பயந்து ஓட வேண்டாம். நடுவுல அத்தோ வரும், ஹார்பர் வரும்.

நமக்கு வீடு திருவொற்றியூர், ஆபீஸ் கிண்டி. முன்னல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுல கன்டெய்னர் லாரி வரிசை இருந்தது. 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்து, அடுத்த வருஷம் தேரடி ஸ்டேஷனையும் திறந்ததுல ஒரே ரயில்ல போயிட முடியுது. இந்தப் பதிவுல வர்ற யோசனை பாதி அந்த ரயில்ல வந்ததுதான்.

எங்க டீம் பண்றது விர்ச்சுவல் மெஷின் சம்பந்தப்பட்ட சாமான். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள நாலு கம்ப்யூட்டர் குடித்தனம் நடத்தற மாதிரி வச்சுக்கோங்க. வீட்டுக்காரர் ஹோஸ்ட், குடித்தனக்காரங்க கெஸ்ட். லினக்ஸ்ல இதுக்கு கே.வி.எம். இருக்கு. க்யூம்ரானெட்னு ஒரு இஸ்ரேல் கம்பெனி எழுதினது, 2007ல லினக்ஸ் கெர்னல் 2.6.20ல சேர்ந்தது. 2008ல அந்தக் கம்பெனியையே ரெட் ஹாட் வாங்கிடுச்சு. இந்தக் குடித்தனம் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க அவங்க ஒரு டெஸ்ட் சாமானும் பண்ணாங்க. அப்ப அது பேரு கே.வி.எம். ஆட்டோடெஸ்ட். பேரும் வீடும் மாறி மாறி இன்னிக்கு அவக்காடோ-விடின்னு இருக்கு. (ஆரம்ப காலத்துல கெஸ்ட்டுக்குள்ள விண்டோஸ் இன்ஸ்டால் பண்றதை எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க தெரியுமா? ஒரு மனுஷன் பண்றப்போ எந்தெந்த ஸ்க்ரீன்ல எந்த கீயைத் தட்டினான்னு பதிவு பண்ணி வச்சுக்கிட்டு, அதே மாதிரி ஸ்க்ரீன் தெரியுதான்னு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தட்டும். இதை முதன்முதலா படிச்சப்போ நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா வேலை செஞ்சிருக்கு.)

இப்ப மேட்டருக்கு வர்றேன். போன வருஷம், 2025 ஏப்ரல்ல, ஒரு கஸ்டமர்கிட்ட இருந்து கம்ப்ளெயின்ட். விண்டோஸ் கெஸ்ட்டை ஒரு ஹோஸ்ட்ல இருந்து இன்னொரு ஹோஸ்ட்டுக்கு மைக்ரேட் பண்ணா அப்படியே உறைஞ்சு போகுது. மைக்ரேஷன்னா, அடுப்புல சோறு கொதிச்சிட்டு இருக்கறப்பவே, அடுப்பு அணையாம வீடு மாத்தறது. சோறு அடி பிடிக்கக் கூடாது, வீட்ல இருக்கறவனுக்கு வீடு மாறினதே தெரியக் கூடாது.

அந்த ராத்திரி டெஸ்ட்டை எல்லாம் ஓட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தது கான்ட்ராக்ட்ல இருந்த ஒரு பையன். காசிமேட்டுக்காரன். இங்க தம்பின்னே சொல்லிக்கறேன். "நீ மைக்ரேஷன் டெஸ்ட் ஓட்டினியா இல்லையா"ன்னு ரூம்ல உட்கார வச்சுக் கேட்டாங்க. "தினமும் ஓட்றேன் சார், எல்லாம் பச்சையாத்தான் வருது"ன்னான். ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருந்தது. 388க்கு 388, நூறு சதவீதம். ரிப்போர்ட்டும் பச்சை, கஸ்டமர் மெஷினும் உறையுதுன்னா நடுவுல யாரோ பொய் சொல்றாங்கன்னு டேமேஜர்கள் முடிவு பண்ணாங்க. கான்ட்ராக்ட்ல இருக்கறவன்தானே கைக்கு எட்டின தூரத்துல இருப்பான்? மாசக் கடைசியோட அவன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கலை. அவன் பார்த்த மூணு லேப் மெஷினும் என் தலையில. கூடவே ஒரு வரி மெயில்: கான்ஃபிக் ஃபைலை எல்லாம் ஒழுங்குபடுத்தவும்.

கான்ஃபிக் ஃபைல்னா என்னன்னு இங்க கொஞ்சம் சொல்லியாகணும். அதுக்குத்தான் அத்தோ.

பாரீஸ் கார்னர் பக்கம் செகண்ட் லைன் பீச்ல சாயங்காலம் அத்தோ தள்ளுவண்டி நிக்கும், பர்மாவுல இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டு வந்த சாப்பாடு. கடைக்காரர் கேக்கறதே மூணு கேள்விதான். அத்தோவா மொய்ங்காவா? முட்டை போடட்டுமா வேணாமா? காரம் தூக்கலாவா சாதாவா? மூணு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பதில், மொத்தம் 8 விதமான தட்டு. 8 தட்டையும் யாரும் போர்டுல எழுதி வைக்கறதில்லை. கேள்வியை மட்டும் வச்சிருந்தா போதும், தட்டு தானா வரும்.

அவக்காடோ-விடியோட கான்ஃபிக் ஃபைல் இதேதான். கார்ட்டீசியன் கான்ஃபிக்னு பேரு. பிளஸ் டூ கணக்குல கார்ட்டீசியன் பெருக்கல் படிச்சிருப்பீங்களே, அது. "வேரியன்ட்ஸ்"னு போட்டு கீழே பதில்களை வரிசையா எழுதணும். டிஸ்க் ஃபார்மேட் ரா-வா, கியூகவ்2-ஆ. நெட்வொர்க் கார்டு விர்ட்டியோவா, ஈ1000-ஆ, ஆர்டிஎல்8139-ஆ. இப்படி. ஃபைலைப் படிக்கற புரோகிராம் எல்லாத்தையும் எல்லாத்தோடயும் பெருக்கி டெஸ்ட் லிஸ்ட் போட்டுடும்.

அழகுதான். ஆனா பெருக்கல் பொல்லாதது. 6 கெஸ்ட் ஓ.எஸ்., 2 ஃபார்மேட், 3 வகை டிஸ்க், 3 நெட்வொர்க் கார்டு, மெமரி பேஜ் சின்னதா பெரிசான்னு 2. இதுக்கே 216. ஒவ்வொண்ணுலயும் 40 டெஸ்ட்னா 8640. ஒரு டெஸ்ட்டுக்கு 3 நிமிஷம் வச்சா 18 நாள் ஓடும். ராத்திரி ஆரம்பிச்சு காலையில ரிப்போர்ட் வேணும்னா வெட்டணும். வெட்டறதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு: "ஒன்லி", "நோ". ஒன்லின்னா இது மட்டும், நோன்னா இது வேணாம். கமா போட்டா "அல்லது". ரெண்டு புள்ளி வச்சா "ரெண்டும் இருக்கணும்". ஒத்தப் புள்ளின்னா "ஒட்டி அடுத்தடுத்து இருக்கணும்". ஒரு புள்ளி கூடக் குறைய ஆனா அர்த்தமே வேற. பேரைத் தப்பா எழுதினாலும் எரர் வராது, பொருந்தற சாமான் எதுவும் இல்லைன்னு பேசாம போயிட்டே இருக்கும்.

எங்க மூணு மெஷினுக்கும் நான் வச்ச பேரு ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர். (பேர் வைக்கற உரிமையாவது நமக்கு வேணாமா?) மூணுலயும் இருந்த கான்ஃபிக் ஃபைலை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆதியில மூணும் ஒண்ணுதான். இப்ப பங்காளிங்க மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் நின்னுது. எண்ணூர்ல இருந்த ஃபைல் எதுவும் கிட்லயே கிடையாது.

இதுக்குக் காரணம் பழைய பழக்கம். ஆட்டோடெஸ்ட் காலத்துல கான்ஃபிக் ஃபைல் எல்லாம் கடைசியில "சாம்பிள்"னு வால் வச்சுத்தான் வரும். முதல் தடவை ஓட்டறப்போ ஒரு ஸ்க்ரிப்ட் அதை வால் இல்லாம நகல் எடுத்துக் கொடுக்கும். அந்த நகலை நீ உன் இஷ்டத்துக்குத் திருத்திக்கலாம், சாம்பிள் பத்திரமா இருக்கும். நல்ல எண்ணம்தான். ஆனா நகல் எடுத்த நிமிஷத்துல இருந்து அது அநாதை. சாம்பிள்ல புதுசா டெஸ்ட் சேர்ந்தா நகலுக்குத் தெரியாது. நகல்ல நீ எதையாவது வெட்டினா ஊருக்குத் தெரியாது. அது யாரோட ஃபைல், எதுக்கு மாறிச்சுன்னு சொல்ல ஆளே இல்லை.

எண்ணூர் மெஷின் ஃபைல்ல, கிட்டத்தட்ட 200 வரிக்குக் கீழே, "நோ"ன்னு ஆரம்பிச்சு விண்டோஸ், ரெண்டு புள்ளி, மைக்ரேட். அதாவது விண்டோஸ் கெஸ்ட்ல மைக்ரேஷன் டெஸ்ட் எதுவும் வேணாம். மேலே ஒரு குறிப்பு: "டெம்ப், டிஸ்க் ஃபுல்".

அவ்ளோதான். பேர் இல்லை, தேதி இல்லை.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடறப்போ அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஹார்பர்ல டேலி கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவர். கப்பல்ல இருந்து சரக்கு இறங்க இறங்க எண்ணி எழுதற வேலை. விர்ச்சுவல் மெஷின் பத்தி அவருக்கு ஒண்ணும் புரியலை, ஆனா ரிப்போர்ட்ல நூறு சதவீதம்னு இருந்ததைச் சொன்னதும் சாப்பிடறதை நிறுத்திட்டுக் கேட்டார்: "எதுக்கு நூறு? மேனிஃபெஸ்ட்டுக்கா, டேலி ஷீட்டுக்கா?"

எனக்குப் புரியலை. விளக்கினார். கப்பல் வர்றப்போ அதுல என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் கூடவே வரும், அதான் மேனிஃபெஸ்ட். கரையில இறங்கினதை இவங்க எழுதறது டேலி ஷீட். ரெண்டையும் வச்சுப் பார்த்து, பட்டியல்ல இருந்து கரைக்கு வராதது ஷார்ட் லேண்டிங். பட்டியல்ல இல்லாம கரைக்கு வந்தது எக்சஸ் லேண்டிங். "இறங்கினதை எண்றதுக்கு எவனும் வருவான்டா. இறங்காததை எவன் எண்றான்? மேனிஃபெஸ்ட் இல்லாம டேலி ஷீட்டை மட்டும் காட்டினா, இறங்கினது பூரா இறங்கிடுச்சுன்னுதான் சொல்லும். உங்க ஆபீஸ்ல அதைத்தான் பண்ணிட்டிருக்காங்க."

கிண்டியில ஏசி ரூம்ல மூணு பேர் உட்கார்ந்து கண்டுபிடிக்காததை ரசம் சாதத்துக்கு நடுவுல சொல்லிட்டார்.

இந்த மாதிரி பச்சை ரிப்போர்ட்டை எங்க ஏரியாக்காரங்க ஏற்கெனவே பார்த்திருக்கோம். 2017 ஜனவரி 28, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கிட்ட பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம்னு ரெண்டு கப்பல் மோதிச்சு. முதல்ல வந்த அறிவிப்புல எண்ணெய்க் கசிவு மாதிரி பாதிப்பெல்லாம் இல்லைன்னு இருந்தது. நான் அப்ப காலேஜ். ரெண்டு மூணு நாள் கழிச்சு எர்ணாவூர் பக்கம் போனா, கரை பூரா தார் மாதிரி கருப்பு. மீனவங்களும் காலேஜ் பசங்களும் வரிசையா நின்னு பக்கெட்டால அள்ளிக் கைமாத்தினோம். நகத்துல இருந்து அந்தக் கருப்பு போக ஒரு வாரம் ஆச்சு.

சரி, ஆபீஸ். அந்த டெம்ப் வரியை யார், எப்ப போட்டாங்கன்னு ஃபைலை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா அவக்காடோ ஒரு நல்ல காரியம் பண்ணும். ஒவ்வொரு தடவை ஓடறப்பவும் தேதி, நேரத்தோட தனி ஃபோல்டர் போட்டு, உள்ள எந்தெந்த டெஸ்ட் ஓடிச்சுன்னு எழுதி வைக்கும். எண்ணூர் மெஷின்ல அந்த ஃபோல்டர் எதையும் யாரும் அழிக்கலை (சோம்பேறித்தனத்துக்கு ஜே!). நாலு வரி ஸ்க்ரிப்ட் எழுதி, ஒவ்வொரு ராத்திரியும் மொத்தம் எத்தனை டெஸ்ட் ஓடிச்சுன்னு தேதி வாரியா எடுத்தேன்.

412, 412, 412ன்னு வந்துக்கிட்டே இருந்தது 2024 மே 14 அன்னிக்கு 388 ஆயிடுச்சு. அப்புறம் 11 மாசமும் 388தான். குறைஞ்சது 24. மூணு விண்டோஸ் கெஸ்ட், ரெண்டு ஃபார்மேட், நாலு மைக்ரேஷன் டெஸ்ட். கணக்கு கச்சிதமா உட்கார்ந்துச்சு.

தம்பி வேலைக்குச் சேர்ந்தது 2024 ஜூலை முதல் வாரம். அதாவது அந்த வரி விழுந்து ஏழு வாரம் கழிச்சு. அவனுக்கு மெஷினைக் கொடுக்கறப்பவே 388தான் முழுசுன்னு சொல்லித்தான் கொடுத்திருக்காங்க. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். தினமும் ஓட்டினான், எல்லாம் பச்சையாத்தான் வந்துச்சு.

வரி போட்டவர் யாருன்னு ஓரளவு ஊகிக்க முடிஞ்சுது, அவர் எப்பவோ வேலையை விட்டுட்டார். அவரையும் குத்தம் சொல்ல மாட்டேன். விண்டோஸ் இமேஜ் ஒண்ணொண்ணும் பெரிய சாமான். ராத்திரி 11 மணிக்கு டிஸ்க் நிரம்பி வழியுது, காலையில ரிப்போர்ட் போகணும்னா யாரா இருந்தாலும் எதையாவது வெட்டத்தான் செய்வாங்க. ஜூன்லயே புது டிஸ்க் வாங்கிப் போட்டாச்சு. வரி மட்டும் அப்படியே இருந்தது. நம்மூர்ல தற்காலிகம்னு போர்டு வச்சது எதுதான் எடுத்திருக்காங்க?

முதல் வேலையா அந்த வரியை எடுத்துட்டு 24ஐயும் ஓட்டினேன். 6 சிவப்பு. மூணு விண்டோஸ், ரெண்டு ஃபார்மேட், ஒரே டெஸ்ட். கஸ்டமர் சொன்ன அதே உறைதல், எங்க லேப்லயே, ஆற அமர உட்கார்ந்திருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒழுங்குபடுத்தினதை ரொம்ப நீட்டலை. அவக்காடோ-விடி கூட வர்ற ஃபைல்களை (கெஸ்ட் ஓ.எஸ். ஒரு ஃபைல், கெஸ்ட் ஹார்டுவேர் ஒரு ஃபைல்னு பிரிச்சுத்தான் கொடுக்கறாங்க) தொடறதே இல்லைன்னு வச்சோம். டீமுக்குன்னு வேணுங்கறது தனி ஃபைல், கிட்ல. ஒவ்வொரு மெஷினுக்கும் மட்டும் உரியது - இமேஜ் எந்த டிஸ்க்ல, பிரிட்ஜ் பேர் என்ன, மெமரி எவ்வளவு - அது இன்னொரு குட்டி ஃபைல், அதுவும் கிட்ல. கார்ட்டீசியன் கான்ஃபிக்ல கடைசியா சொன்னதுதான் செல்லும்ங்கறதால மெஷின் ஃபைலைக் கடைசியா இழுத்துக்கறோம். அதுல பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல வந்தா எனக்குச் சந்தேகம் வந்துடும். கிட்டுக்கு வெளிய இருக்கறது ஒண்ணே ஒண்ணு, விண்டோஸ் ப்ராடக்ட் கீ ஃபைல். அதை ஊருக்குக் காட்ட முடியாது.

கொஞ்சம் சண்டை போட வேண்டி வந்தது வெட்டற வரிகளுக்குத்தான். ஒன்லி, நோ எல்லாம் ஒரே ஃபைல்ல மட்டும்தான் இருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் மேலே யார், ஏன், எந்தத் தேதி வரைக்கும்னு எழுதணும்னேன். "தேதி எல்லாம் ஓவர்"னு ஒரு சீனியர். தேதி தாண்டின வரி இருந்தா ராத்திரி ரன் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதுன்னு ஸ்க்ரிப்ட் எழுதி வச்சுட்டேன். ரெண்டு நாள் திட்டினார். மூணாவது நாள் அவரே ஒரு வரிக்குத் தேதி போட்டார்.

அப்புறம் அப்பாவோட மேனிஃபெஸ்ட். எந்த மெஷின்ல என்னென்ன டெஸ்ட் ஓடணும்னு முழுப் பட்டியல், எதையும் வெட்டாம, ஒரு ஃபைலா கிட்ல. ராத்திரி ஓடி முடிஞ்சதும் ஓடினதை இதோட ஒப்பிட்டு ரிப்போர்ட்டோட முதல் வரியிலயே ஷார்ட் லேண்டிங் இத்தனை, எக்சஸ் லேண்டிங் இத்தனைன்னு வரும். பச்சை, சிவப்பு எல்லாம் அதுக்குக் கீழே. கிண்டியில இருக்கற யாருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, கேட்டா சொல்றேன். முதல் நாளே எக்சஸ்ல 9 வந்துச்சு. யாருமே கேட்காத 9 டெஸ்ட் ராயபுரம் மெஷின்ல எத்தனை நாளா ஓடிட்டிருந்ததோ!

தேதி வாரிக் கணக்கை ஒரு பக்கம் படமா போட்டு, 412ல இருந்து 388 இறங்கின இடத்தையும் தம்பி சேர்ந்த தேதியையும் குறிச்சு, ரூம்ல இருந்த எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். அவனைத் திரும்பக் கூப்பிடணும்னும் எழுதினேன். "குட் கேட்ச்"னு ஒரே ஒரு பதில். தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாரம் கழிச்சு நேர்ல போய்க் கேட்டதுக்கு, கான்ட்ராக்ட் முடிஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னாங்க. மாசக் கடைசி தானா வந்துச்சாம்.

அந்த ஞாயித்துக்கிழமை காசிமேடு போய் அவனைப் பார்த்தேன். அதுக்குள்ள அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்திருந்தான், சம்பளம் கொஞ்சம் கம்மி. செல்லுல அந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிசாக்கி, சின்னதாக்கிப் பார்த்தான். "மே மாசமாண்ணா?"ன்னான். ஆமான்னேன். "இதை எனக்கு அனுப்ப முடியுமா? அம்மாவுக்குக் காட்டணும். நான் ஒழுங்கா வேலை பார்க்கலைன்னுதான் அனுப்பிட்டாங்கன்னு நினைச்சிட்டிருக்காங்க." ஆபீஸ் படத்தை அனுப்ப முடியாது. அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, வாசல்ல நின்னு நானே காட்டினேன். அவங்களுக்கு 412ம் 388ம் என்ன புரிஞ்சுதோ. மீன் குழம்பு ஊத்தி சாப்பிட வச்சுத்தான் அனுப்பினாங்க.

போன வாரம் தம்பி போன் பண்ணான். "அண்ணா, அந்த மேனிஃபெஸ்ட் மேட்டர், ஒப்பிட்டுப் பார்க்கறது, அதை எப்படிப் பண்ணீங்க?" கோடைக் கொடுக்க முடியாதுடா, ஆனா அதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லை, 40 வரிதான்னு சொல்லி, தேரடி ஸ்டேஷன்ல உட்கார்ந்தே வாயால சொன்னேன். அவன் அந்தப் பக்கம் டைப் அடிக்கற சத்தம் கேட்டுச்சு. எதுக்குடான்னு கேட்டதுக்கு, அங்கேயும் ஒரு ஃபைல்ல ஒரு டெம்ப் வரி பார்த்தானாம். தேதி இல்லையாம்.